மூன்று ஈச்சந்தோப்பு

அல்சூர் ஏரிக்குப் பின்தெரு,
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி.
வாடகைக்குப் போகாத அறையைப்
பத்து நாளைக்கென்று தந்தார்கள்.
இன்று பத்தொன்பதாவது நாள்.
கீழே யாருக்கோ கடைவாயைக் குடைகிறார்கள்.
மேலே நாங்கள்
புயல் தின்ற கடற்கரையைக்
கட்டம் கட்டமாய்ப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

யார், என்ன, எங்கே, எப்போது.
நான்கு தலைப்பு, அறுநூற்றுப் பன்னிரண்டு வரிசை.
நாற்பத்தொரு அமைப்புகள்
ஒரே அட்டவணையில் விரல் வைத்திருக்கிறார்கள்.
ஒருவர் எழுதும்போதே இன்னொருவர் அழிக்கிறார்.
பச்சை என்றால் போய்ச் சேர்ந்தது,
மஞ்சள் என்றால் வழியில்.
சிவப்பை யாரும் விரும்புவதில்லை.
நன்கொடையாளர்கள் பார்ப்பார்கள்.

குருத்வாராவிலிருந்து ஹர்பிந்தர்:
எத்தனை மணிநேர வழி, ரொட்டி தாங்குமா?
ஒயிட்ஃபீல்டு கம்பெனி ஒன்று
தன் முத்திரை போட்ட கம்பளிச் சட்டை
நாலாயிரம் அனுப்பியிருக்கிறது,
முதுகில் உப்புப் பூக்கும் ஊருக்கு.
இன்சுலின் கேட்டு மூன்று நாள்.
மருந்து இருப்பவரிடம் குளிர்ப்பெட்டியில்லை,
பெட்டி இருப்பவரிடம் வண்டியில்லை,
வண்டி வைத்திருந்த பசவலிங்கப்பா
டீசல் யார் போடுவது என்று மட்டும் கேட்டார்.
அதற்கு இரண்டு கூட்டம் நடந்தது.

ஒன்பது மணிக் கூட்டத்தில் எல்லோரும்
ஒருங்கிணைப்பு என்கிறார்கள்.
குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு
வேறு வேலை பார்க்கப் போவதுபோல்
அந்தச் சொல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள்.
குடம் நிற்கிறது.

பதினொன்றுக்குத்தான் பார்த்தேன்.
எண்பத்தேழு, இருநூற்றுப் பதினான்கு, ஐந்நூற்று மூன்று.
ஆங்கில எழுத்தில் மூன்று ஊர்.
வாய்விட்டுப் படித்தேன்:
ஈச்சந்தோப்பு
எச்சன்தோப்பு
இச்சாந்தோபு.
அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
ஒரே ஊர், என்றேன்.
அனிர்பன் ஹெட்போனைக் கழற்றினான்.
மூன்றிலும் பச்சை.
மூன்று தடவை பாய், மூன்று தடவை பக்கெட்,
நான்காவது தடவைக்கு
பசவலிங்கப்பா அத்திபெலே தாண்டிவிட்டார்.
ஓரங்கட்டச் சொன்னேன்.
இரண்டு வரிசையை அழித்தேன்.
அனிர்பன் டீ வாங்கி வந்தான்,
கொண்டாட்டம் மாதிரி ஒரு பிஸ்கட் பொட்டலமும்.

எதற்கும் இருக்கட்டுமென்று
அழித்த வரிசையில் கிடந்த எண்ணுக்கு அடித்தேன்.
காத்தாயி என்றொரு பெண் எடுத்தாள்.

'ஆமாங்க, மூணு லாரி வந்துச்சு. பாத்தோம்.'
'கிடைச்சுதா?'
'பாத்தோம்னுதாங்க சொன்னேன்.'
'ஈச்சந்தோப்புதானே நீங்க?'
'ஈச்சந்தோப்புக் காலனி.
ரோட்டுக்கு இந்தாண்ட.
லாரி கோயிலாண்டயே நின்னுருது.'
'எத்தனை வீடு?'
'நிக்குறதைக் கேக்குறீங்களா, இருந்ததையா?'

பிஸ்கட் வாயில் ஈரமாகிக் கிடந்தது.

எங்கே என்ற கட்டத்தில்
ஊர் எழுத இடமிருக்கிறது.
ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று எழுத
நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.
எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
மர்பி டவுனில் நான் வளர்ந்த சந்துக்கு
கார்ப்பரேஷன் வண்டி எங்கே நின்றது என்று
எனக்குத் தெரியும்.

அழித்த வரிசை ஒன்றை மீட்டேன்.
காலனி என்று தமிழிலேயே அடித்தேன்.
அறுபத்து மூன்று வீடு, இருந்தது.
சிவப்பு.
பார்க்கட்டும்.

பசவலிங்கப்பாவைக் கூப்பிட்டு
அவருடைய கன்னடமும் என்னுடைய கன்னடமுமாய்ச் சொன்னேன்:
கோயிலில் நிற்காதீர்கள்,
யார் கை காட்டினாலும்.
ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம்.

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும்.
செல்போனில் ஊரைத் தேடுகிறார் போல.
பிறகு கேட்டார்:
எதிர்ப்பக்கம் ஒன்றுமே காட்டவில்லையே மேடம்,
வெறும் பச்சையாக அல்லவா இருக்கிறது?