இரண்டாம் சரணத்துக்கு முந்தி

உப்புவெளி. வியாழன் இரவு.
பிளாஸ்டிக் கதிரை பதினாலு, ஆட்கள் ஒன்பது.
அதிலும் இரண்டு பேர் இறால் வரும்வரைக்கும்தான்.
மைக் இல்லை. கரண்ட் இருக்கிற அன்றைக்கும் இல்லை.
அன்ஃபாஸ் கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த
பலகைப் பெட்டியில் குந்தி
அதையே தட்டுகிறான்.
முந்தி அது வலைக்கயிறு வைத்த பெட்டி,
மழை நாளில் இன்னும் மணக்கும்.

போனை ஒரு சோடாப் போத்தலில் சாய்த்து
சிவப்புப் புள்ளியை அழுத்திவிட்டுத் தொடங்குகிறேன்.
என்னுடைய பாட்டில்லை.
நான் பிறக்க முந்தி
முப்பது வயலின்காரர் சேர்ந்து வாசித்தது.
என்னிடம் ஆறு கம்பி,
மூன்றாவது உப்புக்காற்றில் கறள் பிடித்தது.
வயலின் வரவேண்டிய இடத்தில்
மூச்சை மட்டும் விடுகிறேன்.
தெரிந்த சனத்துக்கு அதில் வயலின் கேட்கும்.
தெரியாத சனம் இறால் வருகிற வழியைப் பார்க்கும்.

கடைசி மேசையில் ஒருவர், நீலச் சேட்.
இந்தப் பாட்டைக் கேட்டதே அவர்தான்,
துண்டில் எழுதி, பரிமாறுகிற பெடியனிடம் கொடுத்து.
தொடங்கின கையோடு
போனைக் காதில் வைத்துவிட்டார்.
பல்லவி முழுக்கக் கதை.
முதல் சரணத்திலும் கதை.
அவரையே பார்த்துப் பாடினேன்.
கோபம் குரலை மேலே தள்ளும். தள்ளியது.
பேந்து அவர் கையை நீட்டினார்,
பில்லுக்காக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் சரணத்துக்குப் போகிற வழியில்
துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
காற்று இந்தப் பக்கம் திரும்பின நாளில் மட்டும்
இங்கே வரைக்கும் கேட்கும்.
நீளமாய்,
எங்களுக்கு அரைச் சுருதி மேலே.
அன்ஃபாஸ் சிரித்த சிரிப்பில் தாளம் தடுக்கி விழுந்து
தானே எழும்பி நடந்தது.

கிற்றாரை மடியில் வைத்து ஓட்டோவில் வீடு.
கடற்கரை வீதியில் மான்கள்
குப்பைப் பையை இழுத்துக்கொண்டு நின்றன.
விடிந்தால் மருந்துக்கடை,
ஆனாலும் இயர்போனை மாட்டிக்கொண்டு
வெட்டித் திருத்த உட்கார்ந்தேன்.

முதலில் அலை.
அதை வெட்ட ஏலாது,
ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே படுத்திருக்கிறது.
பிறகு கொத்துரொட்டிக்காரர்.
தாளம் அன்ஃபாஸைவிட அவருக்குச் சுத்தம்.
இதை நான் அன்ஃபாஸுக்குச் சொல்லவில்லை.
நாய். கரண்டி. "உப்புக் காணாது" என்று ஒரு பெண்.
பிறகு நீலச் சேட்.
எங்கே வெட்டலாம் என்று பார்க்கத்தான்
சத்தத்தைக் கூட்டினேன்.

"கேக்குதே?
கேக்குதே உமக்கு?
றேடியோ இல்லையப்பா, ஒரு பிள்ளை பாடுது,
இங்கை, கடற்கரையிலை.
வைச்சிடாதையும்.
இன்னுமொரு சரணம் கிடக்கு."

அதுக்குப் பிறகு அவர் கதைக்கவே இல்லை.
நீட்டின கை
எங்கள் பக்கமாய் நீண்டிருக்கிறது.
அந்தக் கரையில் ஆர், எந்த ஊர்,
அங்கே பகலோ இரவோ,
போத்தலில் சாய்ந்திருந்த போனுக்குத் தெரியாது.
'உமக்கு' என்ற ஒரு சொல்லைத்தான்
அது பிடித்து வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை
ஃபானை நிப்பாட்டி, குளியலறைக் கதவைச் சாத்தி
அதே பாட்டைத் திரும்பப் பாடிப் பதிந்தேன்.
ஒரு பிசிறில்லை.
இரண்டையும் அன்ஃபாஸுக்கு அனுப்பினேன்.
ரெண்டாவதைக் கேட்டுவிட்டு
ஒரே வரி போட்டான்:
"கப்பல் எங்க?"

அடுத்த வியாழன் ஆட்கள் ஏழு.
நீலச் சேட் வரவில்லை.
கேப்போவை ஒரு கட்டை மேலே பூட்டி,
கப்பலின் சுருதியில்,
ஒருவரும் கேட்காமலே அதே பாட்டு.
இரண்டாம் சரணத்துக்கு முந்தி நிறுத்தினேன்.
அன்ஃபாஸும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

காற்று மற்றப் பக்கம்.
கப்பலுக்கென்று விட்ட இடத்தில்
குசினியில் இறால் பொரிந்தது.