டிகிரி

ஊட்டிக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது.
ஃபிங்கர்போஸ்ட் கடைக்காரர்
என்னை ஒருமுறை பார்த்தார்,
மழைக்கு ஆகாத என் செருப்பை ஒருமுறை பார்த்தார்.
"டீ நல்லா இருக்கும்மா" என்றார்.
மலை முழுக்கத் தேயிலை.
அதன் எதிரில் நின்று காபி கேட்பது
கல்யாண வீட்டுக்குப் போய்
வேறு பெண்ணை விசாரிப்பது போலத்தான்.

சேரிங்கிராஸில் ஒரு மெஷின்
இருமிக் காறி
பேப்பர் கப்பில் பழுப்பாய் எதையோ துப்பியது.
பஸ் ஸ்டாண்டில் ஒருவர்
பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.
கமர்ஷியல் ரோட்டில்
நுரைமேல் இதயம் வரைந்து கொடுத்தார்கள்,
நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
பில்லைப் பார்த்தபிறகு
இதயம் இருந்த இடம் தெரியாமல்
வழித்துக் குடித்தேன்.

மார்க்கெட்டுக்குள்
கேரட் மூட்டை இறக்குகிறவர்களுக்காக
விடிகாலை நாலரைக்கு ஒரு பாய்லர் கொதிக்குமாம்.
அங்கே இருக்கிறதாம், காபி என்றால் காபி.
ஹாஸ்டல் கேட் திறப்பது ஆறு மணிக்கு.

நானே ஃபில்டர் வாங்கினேன்.
நூறு கிராம் பொடி.
பாத்ரூம் கீசர் தண்ணீரை ஊற்றிவிட்டு
தெர்மோடைனமிக்ஸ் படித்து முடித்துத் திறந்தால்
மேலே குளம்,
கீழே இரண்டு சொட்டுத் துரு.

மூன்றாம் செமஸ்டர் பிராக்டிகலில்
தண்ணீர் தளதளவென்று கொதிக்க
தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது.
தீயைக் கூட்டினோம். நகரவில்லை.
"எங்க ஊர்த் தண்ணி
அதுக்கு மேல கோபப்படாது" என்றாள் மஞ்சூர் மிதுனா.
ரெக்கார்டில் எழுதினேன்.
எதிர்பார்த்தது: நூறு.
கிடைத்தது: தொண்ணூற்று மூன்று.
பிழைக்குக் காரணம்: உயரம்.

அவ்வளவு ஆறுதல்.
அம்மாவுக்கு போன் போட்டு விளக்கினேன்,
காற்றழுத்தம், கொதிநிலை, எல்லாம்.
"நம்ம வீட்டுக் காபி இங்க வரவே வராதும்மா,
இயற்பியலே விடாது."
ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள்.
தம்பி சிரிக்கிற சத்தம்.
"எது, அந்த மூணாந் தண்ணியா?
ஒரே பொடிக்கு மூணு தரம் ஊத்துவாங்களே, அதுவா?"
அம்மா மறுக்கவில்லை.
"பால் விக்கிற வெலைக்கு" என்று தொடங்கி
வேறெங்கோ போய்விட்டாள்.

அன்றிரவு போர்வைக்குள் இருந்தபடி
அருப்புக்கோட்டை அடுப்படியை
ஒரு தடவை மெதுவாகச் சுற்றிவந்தேன்.
உண்மைதான்.
குடிக்கும்போதே தம்ளரின் அடி தெரியும்.
ஒன்றரை வருடமாய் நான் தேடியது
நான் குடித்தே இராத காபி.

பந்தலூர் ரஸியா
வீட்டிலிருந்து ஒரு கவரில் பச்சைக் கொட்டை கொண்டுவந்தாள்.
வீட்டைச் சுற்றி காபிச் செடிதானாம்.
"அது விக்கிறதுக்கு.
குடிக்கிறது கட்டன்சாயா."
மெஸ் தோசைக்கல்லைக் கெஞ்சி வாங்கி வறுத்தோம்,
பாதி கரி, பாதி பச்சை.
அறைக்கு வந்து
மிதுனா கதவுப் பூட்டால் நசுக்கினாள்.
வார்டன் கண்ணில் படாத கெட்டிலில்
தொண்ணூற்று மூன்றிலேயே கொதிக்கவிட்டோம்.

பல்லிடுக்கெல்லாம் தூள்.
கசப்பு நெற்றிவரை ஏறியது.
"இதுதான் டிகிரி காபியா?" என்றாள் ரஸியா.
"இன்னும் ஏழு அரியர் இருக்கு" என்றேன்.

சர்க்கரை கீழே, மெஸ்ஸில்.
ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடுபனி.
ஒரே கம்பளிக்குள் ஆறு கால்கள்.
யாரும் எழுந்து போகவில்லை.