இழுப்பறையில் முப்பத்தொன்று

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்கு
என் இரும்பு மேசைக்குள்ளிருந்து
தர்பூசணி மணந்தது.

ஜூலை மாதம்.
இன்வர்கார்கிலில் ஜூலை என்றால்
தென்துருவக் காற்று சாவித்துவாரத்தில்
கண்ணை வைத்துப் பார்க்கும்.
தர்பூசணிக்கு இங்கே வேலையில்லை.

மூன்றாவது இழுப்பறை.
பிள்ளைகளிடம் பறித்த வேப் எல்லாம் அதில்தான்.
இழுப்புகளைப் பூட்டிவைத்த அறை,
இழுப்பறை என்ற பெயர் அதற்குத்தான் முதலில் வைத்ததுபோல.
பேரேட்டில் முப்பத்தொன்று,
தேதி, பெயர், வகுப்பு எல்லாம் என் கையெழுத்தில்.

கைப்பிடியைத் தொட்டேன்.
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிச் சூடு.

துணை முதல்வர் ரக்பி மைதானத்தில்.
பராமரிப்பாளர் ஃபெட்டு வந்து
கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார்.
"உங்க ஸ்டேப்ளர்தான்.
ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கிட்டு இருக்கு."
ஸ்டேப்ளரை எடுத்த பிறகும்
நீல விளக்கு தூங்கவில்லை.

எப்படி அணைப்பது?
அவருக்குத் தெரியாது. எனக்கும்.
இந்தப் பள்ளியில் தெரிந்தவர்கள் எல்லாருமே
அது தெரிந்த குற்றத்துக்காகத்
தண்டனை வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கிருந்துதான் ஹினெவாயைக் கூட்டிவந்தோம்.
பத்தாம் ஆண்டு. வரிசை எண் பத்தொன்பது.
தன்னை இன்னும் திட்டப்போகிறோம் என்று
தோளைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தாள்.

விஷயம் தெரிந்ததும் தோள் இறங்கியது.
"அஞ்சு தடவை. வேகமா. நடுவில நிறுத்தக்கூடாது."
டக்டக்டக்டக்டக்.
விளக்கு மூன்று முறை சிமிட்டி அடங்கியது.
"திரும்ப அஞ்சு அமுக்கினா முழிச்சுக்கும், மிஸ்.
அதனால சரிபாக்கிறேன்னு அமுக்காதீங்க."

பிறகு யாரும் கேட்காமலே
திரவக் குப்பியைக் கழற்றித் தனியே வைத்தாள்.
பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டினாள்.
சாவிக்கொத்தைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.
ஹீட்டர் பக்கம் கூடவே கூடாது என்றாள்.
மேசைக்குப் பின்னால் ஹீட்டர்தான் இருந்தது,
நான்கு குளிர்காலமாக.

ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது.
அதை மட்டும் அவள் தொடவில்லை.
ஃபெட்டு நீளம் தாண்டும் குழியிலிருந்து
தகர வாளி நிறைய மணல் கொண்டுவந்தார்,
உப்பியதை அதில் இறக்கி
வெளியே, சுவருக்குத் தள்ளி, வெறும் சிமென்டில் வைத்தார்.

பதினான்குக்குப் பொத்தானே இல்லை.
"இதையெல்லாம் அணைக்க முடியாது.
இழுத்தா எரியும்.
இழுக்கலைன்னா சும்மா காத்திட்டிருக்கும்."
பதினான்கு வாய்களுக்கும் டேப் போட்டாள்.
அப்போது அறையில் யாரும் பேசவில்லை.

தன்னுடையது வந்தபோது
நான்கு அமுக்கி
ஜன்னலைப் பார்த்தாள்.
புல்வெளியில் கடற்பறவைகள் எதற்கோ சண்டை போட்டன.
நடுவில் நிறுத்தினால் கணக்கில்லை அல்லவா,
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

கதவருகில் போய்த் திரும்பினாள்.
"உங்க பையில இருக்கிறதையும், மிஸ்."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.
எனக்கோ வழியெல்லாம் பயமில்லாமல் இருந்தது,
பதினொரு மாதமாக,
கார் நிறுத்துமிடத்தில், ஜன்னலை இரண்டு விரல் இறக்கி.
அணைக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.
இரவெல்லாம் அது கைப்பையில்
விழித்தே கிடந்திருக்கிறது,
மருந்துச் சீட்டுக்கும் சில்லறைக்கும் நடுவில்.

ஃபெட்டு மணலைக் கிளறிக்கொண்டே இருந்தார்,
காது கேட்காதவர்போல.

சனிக்கிழமை காலை பனி விலகியதும்
மணல்வாளிக்கு சீட் பெல்ட் போட்டுக்
கழிவு நிலையத்துக்கு ஓட்டிப் போனேன்.
குப்பைத் தொட்டி வழியில் ஏழு இருந்தன.
ஒன்றிலும் போடவில்லை. லாரிக்குள் நசுங்கினால்
எரியப்போவது யாரோ ஒருவருடைய வேலைநாள்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது
கட்டைவிரல் ஸ்டியரிங்கில்
ஐந்து வரை எண்ணிக்கொண்டது.

மஞ்சள் சட்டைக்காரர் எண்ணவில்லை.
பேரேட்டை நீட்டினேன், வேண்டாம் என்றார்.
வாளியைத் தூக்கியவர் மூக்கைச் சுளித்தார்:
"தர்பூசணியா?"

"கொஞ்சம் புதினாவும் இருக்கும்" என்றேன்.