உலர்ந்த எடை

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் பால் வாங்கும் கொட்டகை.
அங்கே சோதனைக்காரி நான்.
பத்து கிராம் பால் எடுப்பேன்.
ஆசிட் சில சொட்டு.
தயிர்போல் உறைந்ததை நசுக்கித் தட்டையாக்கி
இரவு முழுக்க ஓவனில் கிடத்துவேன்.
காலையில் தராசில்
மூன்று புள்ளி ஆறு.
மீதியெல்லாம் வெள்ளம்.
காசு அந்த மூன்று புள்ளி ஆறுக்குத்தான்.

கதை எங்கிருந்து வருகிறது என்று
அருமனை நூலகக் கூட்டத்தில் கேட்டார்கள்,
அதுவும் இத்தனை சின்னக் கதை.
அமோனியா நெடி ஏறிய கண்ணால்
ஒருமாதிரி விழித்தேன்.
அடக்கம் என்று எடுத்துக்கொண்டு
கை தட்டினார்கள்.

இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இடவப்பாதி மழை.
மரங்களெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி நின்றன.
பத்துகாணி ஏசுவடியானின் பால்
மூன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியது.
"மழவெள்ளம் பட்டிருக்கும் பிள்ளே" என்றார்.
மறுநாளும் மூன்று புள்ளி மூன்று.
அடுத்த நாளும்.
மழை இவ்வளவு அளந்து பெய்யாது.

தண்ணீர் சேர்த்தால் லாபமில்லை, நட்டமுமில்லை.
உலர்ந்த எடைக்குத்தான் காசு.
இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவருக்கு
இது தெரியாதா?

அவர் பைக்கின் கைப்பிடியில்
பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்கியது.
காலி. மூடி இல்லை.

அன்று முந்நூறு சொல் எழுதினேன்.
அதில் மலை இருந்தது. மேகம் இருந்தது.
காய்ச்சல், ஆஸ்பத்திரி, இரவில் ஒரு ஜீப்.
அவர் பெண்டாட்டிக்கு ஸ்டெல்லாபாய் என்று பெயர் வைத்தேன்,
பெண்டாட்டி உண்டா என்றே தெரியாமல்.

மலையை எடுத்தேன். கதை விழவில்லை.
மேகம் போனதை யாரும் தேடவில்லை.
"துயரம்" மூன்று இடத்தில் ஒட்டியிருந்தது.
வெட்டுக்காயத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரிப்பதுபோல்
விரலில் சுற்றி இழுத்தேன், வந்துவிட்டது.
ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன்.
ஸ்டெல்லாபாய் மட்டும் போக மனமில்லாமல் நின்றாள்.
இரண்டு நாள் இருக்கவிட்டேன்.
பிறகு அவளும்.

களியல் பஸ்ஸில் ஒரு வரி வரும்.
திற்பரப்பு இறக்கத்துக்குள் மறந்துபோகும்.
மறக்காமல் கூடவே இறங்கியதை மட்டும்
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதுவேன்.
முறை என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.
கை இரண்டும் பாலாக இருக்கும்,
பேனாவைத் தொட முடியாது,
அவ்வளவுதான்.

கடைசியில் நாற்பத்தொரு சொல் நின்றது:
ஒருவர் தினமும் காலையில்
ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் நிறைக்கிறார்.
சாயங்காலம் அது அப்படியே இருக்கிறது.
மண்ணில் கொட்ட மனம் வராமல்
மறுநாள் பால் கேனில் ஊற்றுகிறார்.
சிவப்பு மூடியைத் துடைத்து ஜன்னலில் வைக்கிறார்.
ஏன் என்று எழுதவில்லை.
எழுதியிருந்தேன்; முந்நூறில் பாதி அதுதான்.

மார்த்தாண்டத்துச் சிற்றிதழ் ஒன்றில் வந்தது.
மேஜையில் கிடந்த பிரதியை
முறை வரும்வரை பொழுதுபோக
ஏசுவடியான் எடுத்துவிட்டார்.
நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தராசில் ஒன்றும் இல்லை.

நாற்பத்தொரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

பின்னால் ஆள் கேன் வைத்துக் காத்து நின்றார்.
ஏசுவடியான் இதழை மடித்து,
மடித்த இடத்தை விரலால் தேய்த்து நீவி,
"மூடி செவப்பு இல்ல கேட்டியா" என்றார்.
"பச்ச."

வேறொன்றும் சொல்லவில்லை.
ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பைக்கை உருட்டினார்.

பின்னட்டையில் ஒரு சொல்லை அடித்து
ஒரு சொல்லை எழுதினேன்.
எண்ணிக்கை மாறவில்லை.

மறுநாள் காலை ஓவனைத் திறந்தேன்.
அவர் பால் மூன்று புள்ளி மூன்று.
அது எனக்கு ஆறுதலாக இருந்தது.
ஏன் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்து
கிழித்துப் போட்டேன்.