ஊசி தலை குனியாத ஊர்

ஆலத்தூருக்கு மேலே எங்கோ
ஐந்து திரைகளும் ஒன்றாய் அணைந்தன.
சத்தமில்லை. எஞ்சின்கள் தம் பாட்டுக்கு ஓடின.
கறுத்த கண்ணாடி ஐந்திலும்
ஹெட்செட் மாட்டிய என் முகம்.

ஆடி மாத மேகம்.
வெளியே கஞ்சித்தண்ணி நிறம்,
மேலும் அதே, கீழும் அதே.

மிஞ்சியது நடுப்பலகையில் ஒரு சின்னச் சதுரம்,
பஸ் கண்டக்டரின் டிக்கெட் மெஷின் அளவு.
கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு,
இடையே ஒரு கோடு.
எழுபத்தொரு பேருக்கும் அடிவானம் அதுதான்.
கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்,
பக்கத்து வீட்டுக் கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல.

"நான் ஓட்டுறேன். நீ படி" என்றேன் தஸ்லீமிடம்.

உடம்பு உடனே புகார் சொல்லத் தொடங்கிற்று:
வலப்பக்கம் சாய்கிறாய்,
சரிந்துகொண்டே இருக்கிறாய், நிமிர்த்து.
கோடு சொன்னது: இல்லை.
முப்பத்தெட்டு வருஷம் இந்த உடம்பை நம்பித்தான்
மாடிப்படி இறங்கினேன், ஸ்கூட்டர் ஓட்டினேன்,
இருட்டில் சுவிட்சைத் தேடினேன்.
காதுக்குள் இருக்கும் சொட்டு நீர்
பொய் சொல்லும் என்று படித்திருக்கிறேன்.
இத்தனை சரளமாய்ச் சொல்லும் என்று
யாரும் எழுதவில்லை.

தலைக்கு மேல்
திரவத்தில் மிதக்கும் திசைகாட்டி.
வடதேசங்களில் எழுதிய புத்தகங்களுக்கு அதன்மேல் சந்தேகம்:
துருவத்தைப் பார்த்து ஊசி தலை குனியும்,
திரும்பும்போது முந்தும், பிந்தும்,
கூட்டிக்கொள், கழித்துக்கொள்.
பாலக்காட்டுக் கணவாயில்
ஊசி அநேகமாய் மட்டம்.
ஐம்பது என்றால் ஐம்பதுதான்.
அதைப் பிடித்துக்கொண்டு போனால்
நெல்லியாம்பதி வலப்பக்கம் ஒதுங்கும்,
மலம்புழா மலைகள் இடப்பக்கம்.
நடுவே மேல்காற்று போகும் வழி.
அதன் முதுகில் நாங்கள்.

"ஏழாயிரத்து நூறு. இருநூத்திப் பத்து. ஐம்பது."
"ஏழாயிரம். இருநூத்திப் பத்து.
நாப்பத்தொம்போது... ஐம்பது."

இரண்டு வருஷமாய் இந்த அறையில்
அவனும் நானும் இங்கிலீஷ்தான்.
இது புதுநகரத்து ராவுத்தர் வீட்டுத் தமிழ்,
பால்கணக்கு ஒப்பிக்கும் குரலில்.
அவன் ஊர் வலப்பக்கம் எங்கோ அடியில் நனைந்துகொண்டிருந்தது.
மாறியது அவனுக்கே தெரியவில்லை.
நான் சொல்லவுமில்லை.
சொன்னால் நிறுத்திவிடுவான்.

வாளையாற்றில் மேகம் கிழிந்தது.
சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி,
செக்போஸ்டில் தேங்கிய லாரிகள்,
ஈரமில்லாத ரயில் பாதை.
அப்போதும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.
பூமிதான் சாய்ந்திருக்கிறது என்று
இரண்டு மூச்சு நேரம் வாதாடியது.

கோவையில் கடைசியாக இறங்கியவர்
"பத்து நிமிஷம் லேட்" என்றார்.
ஆமாம் என்றேன், கைப்பிடியை விடாமல்.

படிவத்தில் எழுதினேன்:
திரைகள் அணைந்தன. மாற்றுக் கருவி வேலை செய்தது.
மீதி, வால்பக்கத்து ஆரஞ்சுப் பெட்டியில்.
டெல்லியிலிருந்து வருகிறவர் கேட்பார்,
ஒன்பது நிமிஷம் இந்தப் பையன்
என்ன ஓதிக்கொண்டிருந்தான் என்று.