அவருக்குப் பதில் இவர்

செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது
அவர் பெயர் ரத்தினசபாபதி என்று.
ஆறு வருஷமாக எங்களுக்கு அவர் மூத்த மச்சான்.
ஏழரை மணி நாடகத்தில்
தம்பிமார் மூன்று பேரும் வீட்டைக் கயிறு பிடித்து அளக்கையில்
"இருக்கட்டும்மா, எனக்கு அந்த வேப்பமரம் போதும்" என்றாரே,
அந்த மூத்த மச்சான்.

முக்கூடலில் எங்கள் வளவுக்குச்
சுளகு ஏழு, டிவி ஒன்று.

செவ்வாய் மத்தியானம்
ஈர இலையைத் தகடு வைத்து வெட்டிக்கொண்டிருந்தோம்.
பீடிக்கடைக் கணக்கர் வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்:
"உங்க ஆளு போயிட்டாராம்லா."
கத்தரி மூன்று கீழே விழுந்தது.
மூன்று பேர் புருஷனும் கேரளாவில் சாரம் ஏறுகிறவர்கள்.
நடிகர்தான் என்றதும் மூச்சு வந்தது.
அந்த மூச்சை நினைத்து
சாயங்காலம் வரைக்கும் கூச்சமாக இருந்தது.

ராத்திரி கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள்.
ஜெபக்கனி சுளகை இறக்கி வைத்துவிட்டு
டிவிக்கு ஒரு சாண் பக்கத்தில் போய் நின்றாள்.
"ஏளா, மறைக்காதட்டி."
அவள் நகரவில்லை.
ஏதோ ஒரு போலீஸ் படத்தில் ஏட்டாக வருவாராம்,
இடைவேளைக்கு முன்னாலேயே குத்துப்பட்டுச் சாவாராம்,
செத்துக் கிடக்கையில் இடது இமை துடித்ததாம்.
தென்காசிக் கொட்டகையில் அவள் ஒருத்திதான் பார்த்தாளாம்.
இப்போதும் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
படத்தை மாற்றிச் சோப்பு விளம்பரம் போடும்வரை.

மைதீன் பாத்துவிடம் ஒரு கதை உண்டு.
பாபநாசத்தில் படப்பிடிப்பு நடந்தபோது
அவள் காக்கா வேன் ஓட்டினார்.
வெள்ளை வேட்டியோடு கல்லில் உட்கார்ந்து
"ஒரு பீடி இருக்குமா தம்பி" என்று கேட்டாராம்.
சிவப்பு நூல், நம்ம கட்டு.
ரெண்டு குடித்தாராம். நல்லா இருக்கு என்றாராம்.
எத்தனையோ தடவை எங்களைக் குளிர வைத்த கதை.
அன்றைக்கு அவள் அதைத் தொடங்கும் நேரம் பார்த்து
நுரையீரல் என்றான் செய்தி வாசிக்கிறவன்.
பாத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த வாரக் கட்டில் முந்நூறு பீடி கழிவு.
"என்னத்தச் சுத்துதியோ" என்றார் கணக்கர்.

அடுத்த திங்கள்
திரைக்கு அடியில் ஒரு வரி ஓடியது:
அவருக்குப் பதில் இவர்.
இவர் கொஞ்சம் பருமன். மீசை ஒட்டுமீசை.
வேப்பமரத்தடியில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.
"அமத்திப் போடுளா அந்த டிவிய" என்றாள் சொர்ணக்கிளி.
ரிமோட்டு யார் மடிக்கடியில் கிடந்ததோ, தேடுவதற்குள்
இவர் வாயைத் திறந்தார்.

"இருக்கட்டும்மா."

ஏழு சுளகும் நின்றுவிட்டது.
அதே குரல்.
அந்த 'ம்மா'வில் லேசாக மூக்கடைப்பு, அதுவும் அதே.

குரல் கொடுக்கிறவர் எப்போதும் வேறே ஆள்தானாம்.
வளசரவாக்கத்தில் வீட்டுவேலை பார்க்கிற
சுடலைவடிவின் மகள் போனில் விளக்கிச் சொன்னாள்.
அவர் பெயர் அவளுக்கும் தெரியவில்லை.

"அப்போ அழுதது யாருக்குட்டி?" என்றாள் ஜெபக்கனி.

நான் யோசித்துப் பார்த்தேன்.
இலையில் கண், தூளில் விரல்.
முகம் எங்கே பார்த்தோம் இந்த ஆறு வருஷத்தில்?
தலை மடக்கும்போது ஒரு தடவை,
கட்டுப் போட்டு நெட்டி முறிக்கும்போது ஒரு தடவை.
மற்றபடி மூத்த மச்சான்
எங்கள் காதுக்குள்ளேதான் குடியிருந்தார்.
அங்கே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜெபக்கனி மட்டும் இன்னும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள்.
இவர் உதடு, குரலுக்கு அரை நொடி பிந்தி அசைகிறது என்கிறாள்.
இருக்கட்டும்.
நிமிர்ந்தால்தானே அவர் இல்லை.

ஆயிரத்துக்கு இன்னும் ஆறு கட்டு கிடக்கிறது.