நுரைச்சிக்கு எந்தச் சீட்டு

இப்லூர் சந்திப்புக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. மின்சாரம் இல்லை.
எழுபத்தெட்டு டாரட் சீட்டையும்
தரையில் பரப்பி உட்கார்ந்திருக்கிறோம்,
நானும் ரெக்ஸலினும்,
என் நாவலில் இன்னும் பெயர் வாங்காத
நான்கு குலங்களும்.

கோப்பையைக் கலம் என்று எழுதினேன்.
குடிக்கிற கலம். கடலோடுகிற கலமும் அதுதான்.
ஒரே சொல்லில் ஆற்றுக்குலத்துக்குப்
படகும் கிடைத்துவிட்டது, தாகமும்.

கோல் நெருப்பு என்கிறது குறிப்பேடு.
"இலை துளிர்த்து நிற்கிறதே, இது எப்படி எரியும்?"
தீக்கடைகோல், என்றேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மெழுகுவர்த்தியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாணயம் ஏன் மண் என்று மட்டும்
இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
சர்ஜாபூர் சாலையில் போய் நின்றால் போதும்.
என் மண்குலத்தார் சொன்ன சொல் தவறாதவர்கள்.
நாணயத்துக்கு நம்மிடம் அப்படியும் ஒரு பொருள் உண்டு,
பத்திரப்பதிவு அலுவலகம் கேள்விப்படாத பொருள்.

வாளில்தான் சண்டை வந்தது.
வாள் காற்று என்கிறேன்:
கழுத்துக்கு வந்துசேரும்வரை
அது வெட்டுவதெல்லாம் காற்றைத்தானே.
உலையில் பிறந்தது நெருப்பில்லையா, என்கிறாள்.
அப்பாவின் வெல்டிங் பட்டறையைச் சாட்சிக்கு இழுக்கிறாள்.
கடைசியில்
எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கெம்பையா
வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஏழு நிமிடக் குரல்பதிவைப் போட்டேன்.
இரண்டாம் நிமிடத்தில் ஒப்புக்கொண்டாள்:
காற்றேதான், ஆனாலும் வெட்டுகிறது.

அத்தோடு முடிந்திருக்கும்.
நுரைச்சி மிஞ்சினாள்.

ஏரி பற்றியெரிந்த இரவில் பிறந்தவள்.
புகை வாடை அடிக்கிறது, என்றது ஆற்றுக்குலம்.
கையெல்லாம் ஈரம், என்றது கோல்குலம்.
ஏழாம் அத்தியாயம் முழுக்க
வாசல் வாசலாக நிற்கிறாள்.

"தண்ணீர் எங்கேயாவது எரியுமா?
மாயக்கதைக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?"
ரெக்ஸலின் பேனாவைத் திறந்துவிட்டாள், அடிக்க.
தக்கலையிலிருந்து அவள் வந்து
ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஜன்னலைத் திறந்தேன்.
பெல்லந்தூர் ஏரி தன்பாட்டுக்கு
நாறிக்கொண்டு கிடந்தது.
வெள்ளையாக ஒரு துண்டு நுரை
கரையை விட்டு எழும்பி
சாலையைக் கடக்க இடம் பார்த்தது.
இது எரிந்திருக்கிறது, என்றேன்.
ஒரு தடவை இல்லை.
தண்ணீரின்மேல் தண்ணீர் அடித்து அணைத்தார்கள்.

அவள் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

கீழே டேங்கர் ஹாரன்.
நாணயம் கொடுத்துக் கலம் நிரப்பும் நேரம்.
இரண்டு குடம், ஒரு பெயிண்ட் வாளி,
இருட்டுப் படிக்கட்டில்
ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு
இறங்கினோம், ஏறினோம்.

வந்து பார்த்தால்
திறந்து கிடந்த ஜன்னல்
நாலு குலத்தையும் ஒன்றாகக் கலைத்திருக்கிறது.
அணைவதற்குமுன் மெழுகுவர்த்தி
ஒரு வாளின்மேல் சொட்டியிருக்கிறது.
"நான் சொல்லவில்லை?" என்கிறாள் ரெக்ஸலின்.
சண்டையை மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை.

குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்கிறாள்:
"அந்தப் பெண்ணைத் தொட்டால்
சுடுமா, சில்லென்று இருக்குமா?"

தெரியவில்லை.
எட்டாம் அத்தியாயத்தில்
யாராவது தொடட்டும்.